காயில் கருகினால் குற்றவாளி யார்? காந்தத்தைச் சாட்சிக்குக் கூப்பிடுவோம்!



மோட்டார் வைத்திருக்கிற ஒவ்வொரு சம்சாரிக்கும் அந்தச் சத்தம் தெரியும். ஸ்டார்ட்டர் பட்டனை அமுக்கினால் மோட்டார் ஓடாது, "ம்ம்ம்" என்று முனகும். கிணற்று மேட்டு மோட்டாராக இருந்தால் கொஞ்ச நேரத்தில் வார்னிஷ் கருகுகிற வாடை மூக்கில் ஏறும். எண்ணூறு அடி ஆழத்தில் கிடக்கிற நீர்மூழ்கி மோட்டாருக்கு வாடைகூட மேலே வராது. பீஸ் போகும், மறுபடி போட்டால் மறுபடி போகும். அப்புறம்தான் வயிறு கலங்கும்.

நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை மொட்டு வைக்கிற நேரமாக இருக்கும். வேடசந்தூரில் முருங்கை பூ எடுத்திருக்கும். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டை நம்பிக் கத்தரியும் தக்காளியும் போட்டவனுக்கு இன்னும் நாலு தண்ணி பாய்ந்தால் கரை சேர்ந்துவிடலாம் என்கிற நிலைமை. அந்த நேரம் பார்த்துக் காயில் போகும். நன்றாக மழை பெய்கிற மாதத்தில் எந்த மோட்டாராவது கருகி நாம் பார்த்திருக்கிறோமா?

அதற்குப் பிறகு நடக்கிற கூத்தும் நமக்குப் பழகினதுதான். பிரிவு ஆபீசுக்குப் போனால், "உங்க மோட்டார் பழசுங்க, எங்க லைன் நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். வயிண்டிங் கடைக்குப் போனால், "என்னண்ணே செய்யிறது, வோல்டேஜ் இல்ல, காயில் வெந்து போச்சு" என்பார்கள். மோட்டார் வாங்கின கடையில், "காயிலுக்கு வாரண்டி கிடையாதுண்ணே" என்பார்கள். மூன்று இடத்திலும் நாம் கேட்டுக்கொண்டு நிற்போம். குழாயைக் கழற்ற ஆள் கூலி, மோட்டாரை ஏற்றிப்போக வண்டி வாடகை, காயில் கட்டக் கூலி, திரும்ப இறக்கக் கூலி என்று பத்தாயிரத்துக்கு மேல் போய்விடும். பயிர் காய்ந்த நட்டம் தனிக்கணக்கு. அதை யாரும் எழுதி வைப்பதில்லை.

விவசாயிகளே, ஒன்றைக் கவனியுங்கள். இந்த மூன்று பேரில் ஒருத்தர்கூட சோதித்துப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள், நாமும் நம்பிப் பணத்தைக் கட்டினோம். ஆள் செத்தால் பிரேதப் பரிசோதனை உண்டு. மாடு செத்தால் இன்சூரன்சுக்காகவாவது டாக்டர் வந்து பார்க்கிறார். மோட்டார் செத்தால் மட்டும் விசாரணையே இல்லாமல் சம்சாரிக்குத் தண்டனை!

இனிமேல் இதை ஒத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் இந்தத் துண்டுப் பிரசுரம். காயில் எதனால் போகிறது, எங்கே போகிறது, தப்பு லைனிலா மோட்டாரிலா என்று சொல்ல ஒரு சாட்சி இருக்கிறது. காந்தம்தான் அந்தச் சாட்சி. பொய் சொல்லாது, லஞ்சமும் வாங்காது.

காயிலுக்குள்ளே நடப்பது என்ன?

மோட்டார் உடம்புக்குள் இரும்புத் தகடுகளை அடுக்கி, அதில் பள்ளம் வெட்டி, பள்ளத்துக்குள் செம்புக் கம்பியைச் சுற்றுச் சுற்றாக வைத்திருக்கிறார்கள். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவே இருப்பது மெல்லிய பூச்சு மட்டும்தான். தண்ணீருக்குள் ஓடுகிற மோட்டார் என்றால் கம்பிக்கு மேல் பிளாஸ்டிக் உறை இருக்கும். இந்தத் தோல் உயிரோடு இருக்கிறவரை மோட்டார் உயிரோடு இருக்கும்.

தோலுக்கு எமன் சூடு. மோட்டார் தாங்குகிற சூட்டுக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரி ஏறும்போதும் பூச்சின் ஆயுள் பாதியாகக் குறைகிறது என்பது என்ஜினீயர்கள் எல்லோரும் ஒத்துக்கொண்ட கணக்கு. பத்து வருஷம் ஓட வேண்டியது ஐந்து வருஷம். இன்னும் பத்து டிகிரி ஏறினால் இரண்டரை வருஷம்.

சூடு எங்கிருந்து வருகிறது? 415 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 330 வந்தால், அதே தண்ணியைத் தூக்க மோட்டார் கால் பங்கு கரண்டைக் கூடுதலாக இழுக்கும். கரண்ட் கால் பங்கு கூடினால் சூடு கால் பங்கு கூடாது, ஒன்றரை மடங்குக்கு மேலே போய்விடும். இது ஒரு வழி. இதைவிட மோசமானது இன்னொன்று இருக்கிறது. மூன்று பேஸிலும் வோல்டேஜ் சமமாக வராமல் இருப்பது. நூற்றுக்கு மூன்றரை பங்கு ஏற்றத்தாழ்வு இருந்தாலே காயில் சூடு கால்வாசி கூடிவிடும். ஐந்து பங்கு என்றால் ஒன்றரை மடங்கு. டிரான்ஸ்பார்மரில் ஒரு பேஸ் பீஸ் கட்டை கருகி அரைகுறையாகப் பிடித்துக்கொண்டிருந்தால் இதுதான் நடக்கும். அந்த லைனின் கடைசியில் இருக்கிற தோட்டத்துக்காரன் தலையில் விடியும்.

தோல் ஒரு இடத்தில் உரிந்தது என்று வையுங்கள். பக்கத்துப் பக்கத்துச் சுற்று இரண்டும் ஒட்டிக்கொள்ளும். ஒட்டின சுற்று தனியாக ஒரு வளையமாகிவிடுகிறது. மோட்டாரின் காந்தம் அந்த வளையத்துக்குள் தானாகவே பெரிய கரண்டை ஓட வைக்கும். அந்த ஒரு சுற்று கொல்லன் உலைக் கம்பி மாதிரி காய்ந்து, பக்கத்துச் சுற்றின் தோலையும் உரிக்கும். சில சமயம் நிமிஷக் கணக்கில் முடிந்துவிடும். சில சமயம் நாள் கணக்கில் இழுத்துக்கொண்டு ஓடும். அந்த இழுபறி நாட்களில் மோட்டார் ஓடத்தான் செய்யும், தண்ணியும் வரும். நாமும் நிம்மதியாகத் தூங்குவோம்.

இந்த இடத்தில் மெக்கரைப் பற்றிச் சொல்ல வேண்டும். காயிலைச் சோதிக்கிறேன் என்று வருகிறவர் பெரும்பாலும் மெக்கர் வைத்துப் பார்ப்பார். கம்பியில் இருந்து மோட்டார் உடம்புக்குக் கரண்ட் கசிகிறதா என்பதைத்தான் அது சொல்லும். சுற்றுக்கும் சுற்றுக்கும் ஒட்டிக்கொண்டதை மெக்கர் கண்டுபிடிக்காது. "மெக்கர்ல நல்லாத்தான் காட்டுது, எறக்குங்க" என்று சொல்லி, எண்ணூறு அடி இறக்கி, மறுநாளே திரும்ப ஏற்றின கொடுமை நம்மில் எத்தனை பேருக்கு நடந்திருக்கிறது!

காந்தம் எப்படிச் சாட்சி சொல்லும்?

1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டு சொன்ன விஷயம்தான் இது. காந்தம் மாறிக்கொண்டே இருக்கிற இடத்தில் ஒரு கம்பிச் சுருளைப் பிடித்தால் அந்தச் சுருளில் வோல்டேஜ் கிளம்பும். டிரான்ஸ்பார்மரும் மோட்டாரும் பிறந்தது இந்த ஒரு விதியில். மோட்டார் நோயைக் கண்டுபிடிப்பதும் இதே விதிதான்.

நல்ல மோட்டாரில் மூன்று பேஸ் காயிலும் சமமாகக் காந்தத்தை உண்டாக்கும். ஒன்றுக்கொன்று ஈடு கொடுத்துச் சுற்றும். வெளியே கசிகிற காந்தம் கொஞ்சமாக, ஒரே சீராக இருக்கும். ஒரு இடத்தில் சுற்று ஒட்டிக்கொண்டால் அந்தச் சீர் கெடும். மோட்டார் ஓடும்போதே தண்டுப் பக்கம் ஒரு தேடு சுருளை வைத்து, வருகிற வோல்டேஜைப் பார்த்தால் கோளாறு தெரியும். ஸ்காட்லாந்தில் அபர்டீன் பல்கலைக்கழகத்தின் பென்மன் என்கிற பேராசிரியரும் அவரோடு சேர்ந்தவர்களும் 1994-இல் இதை எழுதி வெளியிட்டார்கள். தண்டைச் சுற்றி நாலு சுருள் வைத்தால், காயிலின் எந்தப் பக்கத்தில் ஷார்ட் ஆகியிருக்கிறது என்பதைக்கூடச் சொல்லலாம் என்று காட்டினார்கள். 1994! முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பெரிய ஆலைகளில், மின் நிலையங்களில், லட்சக்கணக்கில் விலை உள்ள மோட்டாருக்கு இப்படிப்பட்ட சோதனை எல்லாம் நடக்கிறது. சம்சாரியின் ஐந்து எச்.பி. மோட்டாருக்கு மட்டும் மூக்கால் மோந்து பார்ப்பதுதான் சோதனை!

1879-இல் எட்வின் ஹால் கண்டுபிடித்த முறையில் வேலை செய்கிற சின்னஞ்சிறு காந்த உணர்வான்கள் இன்றைக்கு நூறு ரூபாய்க்குள் கிடைக்கின்றன. நகக்கண் அளவுதான் இருக்கும். செலவு ஒரு பிரச்சினையே இல்லை, செய்ய மனசு இல்லாததுதான் பிரச்சினை. (நம் பிள்ளைகள் சிலர் செல்போனை மோட்டார் மேல் வைத்து, "காந்தம் காட்டுதுப்பா" என்கிறார்கள். போனில் இருப்பது திசை பார்க்கிற காந்த உணர்வான். நம் கரண்ட் செகண்டுக்கு 50 தடவை மாறுவதை அது சரியாகப் பிடிக்காது. அதை நம்பி மோட்டாரைக் கழற்ற வேண்டாம்.)

வயிண்டிங் கடையிலும் காந்தச் சோதனை உண்டு. காயிலுக்குக் குறைந்த வோல்டேஜில் மூன்று பேஸும் கொடுத்து, ஸ்டேட்டருக்குள் ஒரு பால்ரஸ் குண்டைப் போட்டால் அது வட்டமாக உருண்டு ஓடும். காயில் கெட்ட இடத்தில் தடுமாறும், நிற்கும். குரௌலர் என்கிற காந்தக் கட்டையை வைத்து, பள்ளத்தின் மேல் ஒரு ஹாக்ஸா பிளேடைப் பிடித்தால், ஷார்ட் ஆன காயில் இருக்கிற பள்ளத்தில் பிளேடு தடதடவென்று அதிரும். நல்ல தொழிலாளிகள் இதைச் செய்கிறார்கள். அவர்களும் நம் வீட்டுப் பிள்ளைகள்தான், அவர்கள் மேல் நமக்குக் கோபம் இல்லை. ஆனால் எதையும் பார்க்காமல், மோட்டாரைத் திறந்த உடனே, "எல்லாம் போச்சுண்ணே, புதுசாத்தான் கட்டணும்" என்கிற கடையில், "குண்டு போட்டுக் காட்டுங்க தம்பி" என்று இனிமேல் கேளுங்கள். கட்டி முடித்த பிறகும் ஒரு தடவை போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

போருக்குள் கிடக்கிற மோட்டாருக்கு என்ன செய்வது? அங்கே போய்ச் சுருள் வைக்க முடியாது. ஆனால் மேலே ஸ்டார்ட்டர் பெட்டியில் மூன்று ஒயர் இருக்கிறதே! கரண்ட் ஓடுகிற ஒயரைச் சுற்றிக் காந்தம் இருக்கிறது. அந்தக் காந்தத்தை அளந்து கரண்ட் எவ்வளவு என்று சொல்கிற கருவிதான் டாங் டெஸ்டர். ஒயரை அறுக்க வேண்டாம், கழற்ற வேண்டாம், இடுக்கி மாதிரி வாயைத் திறந்து கவ்வ வைத்தால் போதும். லைன்மேன் கையில் பார்த்திருப்பீர்கள். நமக்கு வேண்டிய சாட்சி அதுதான்.

தப்பு யார் பக்கம் என்று கண்டுபிடிக்கும் முறை

இதை ஊருக்கு நாலு பேராவது மனசில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் ஓடும்போது மூன்று ஒயரிலும் கரண்டைப் படித்து எழுதுங்கள். 12, 12, 15 ஆம்பியர் என்று வருகிறது என்றால், சராசரி 13. சராசரியில் இருந்து அதிகமாக விலகினது 2. பதின்மூன்றில் இரண்டு என்றால் நூற்றுக்கு 15 பங்கு. ஐந்து பங்கைத் தாண்டினாலே காரணம் தேட வேண்டும். இது 15!

இப்போது மெயினை நிறுத்தி, பீஸைப் பிடுங்கிவிட்டு, தெரிந்த எலக்ட்ரீசியனை வைத்து, மோட்டாருக்குப் போகிற மூன்று ஒயரையும் ஒரு இடம் தள்ளி மாட்டச் சொல்லுங்கள். முதல் லைனில் இருந்தது இரண்டாவதுக்கு, இரண்டாவது மூன்றாவதுக்கு, மூன்றாவது முதலுக்கு. மூன்றையும் தள்ளினால் மோட்டார் சுற்றுகிற திசை மாறாது. இரண்டை மட்டும் மாற்றினால் எதிர்த்திசையில் சுற்றும், ஜாக்கிரதை. மறுபடி ஓட்டி, கரண்டைப் படியுங்கள்.

அந்த 15 மோட்டார் ஒயர் கூடவே இடம் மாறிப் போயிருந்தால் கோளாறு நம் மோட்டாரிலோ கேபிளிலோ இருக்கிறது. ஒயர் மாறியும் அதிகக் கரண்ட் பழைய லைனிலேயே நின்றால் கோளாறு லைனில், டிரான்ஸ்பார்மரில். இதில் வாதம் செய்ய என்ன இருக்கிறது? மந்திரி வந்தாலும் இதே பதில்தான் வரும்.

நாங்கள் இதைச் செய்து பார்த்தோம். வடமதுரைக்குக் கிழக்கே ஒரு தோட்டத்தில் ஒரே வருஷத்தில் இரண்டு தடவை காயில் போனவர் மூன்றாவது தடவையும் மோட்டார் முனகுது என்று சொல்லி அனுப்பினார். படித்தோம். 14, 14, 8. ஒயரைத் தள்ளி மாட்டினோம். அந்த 8 அசையவே இல்லை, நீல பேஸிலேயே நின்றது. டிரான்ஸ்பார்மருக்கு ஆளைக் கூட்டிப்போய்ப் பார்க்கச் சொன்னால், நீல பேஸ் பீஸ் கட்டையின் வாய் கருகி, தொட்டும் தொடாமலும் நிற்கிறது. அரை மணி நேர வேலை. அந்த மனுஷன் இரண்டு காயிலுக்குக் கொடுத்த பணத்தை யார் திருப்பித் தருவது? எந்தப் பிரிவு ஆபீஸ் என்று இங்கே எழுதவில்லை. அது ஒரு ஆபீசின் கதையும் இல்லை.

இன்னொரு தோட்டத்தில் நாங்களே தலை குனிந்தோம். ஈ.பி.யைத் திட்டிக்கொண்டே போனோம். 12, 12, 15 வந்தது. ஒயரைத் தள்ளினால் 15-ம் கூடவே வந்துவிட்டது. மோட்டாரை ஏற்றிக் கடையில் குண்டு போட்டால் ஒரே இடத்தில் நின்றது. மோட்டார்தான் குற்றவாளி. அதையும் இங்கே எழுதுகிறோம். எழுதாவிட்டால் நாளைக்கு நம் காகிதத்தை யார் நம்புவார்கள்? முழுசாகக் கருகுவதற்கு முன்னால் ஏற்றியதில் உள்ளே இருக்கும் தகடு வேகாமல் தப்பித்தது. தகடு வெந்த மோட்டாருக்கு எத்தனை தடவை காயில் கட்டினாலும் சூடு அடங்காது.

நம் பக்கத்துக் குப்பையையும் கூட்டுவோம்

ஐந்து எச்.பி.க்கு அனுமதி வாங்கிவிட்டுப் பத்து எச்.பி. இறக்கியிருக்கிறோமா இல்லையா? இரண்டு பேஸ் வருகிற நேரத்தில் கண்டென்சர் போட்டு மூன்று பேஸ் மோட்டாரை ஓட்டுகிறோமா இல்லையா? அப்படி ஓட்டும்போது ஒரு காயில் சுமக்கிற சுமை வேறு, இன்னொன்று சுமக்கிற சுமை வேறு. அது ஓடுகிற ஓட்டம் இல்லை, சாகிற ஓட்டம். ஆட்டோ ஸ்டார்ட்டர் இன்னொரு கேடு. கரண்ட் வந்த நொடியில் அந்த டிரான்ஸ்பார்மரில் இருக்கிற அத்தனை மோட்டாரும் ஒன்றாகக் கிளம்பும். கிளம்பும்போது மோட்டார் ஐந்தாறு மடங்கு கரண்டை இழுக்கும். வோல்டேஜ் படுத்துவிடும், ஒன்றுமே கிளம்பாமல் எல்லாம் சேர்ந்து முனகும். பக்கத்துத் தோட்டத்து அண்ணனோடு பேசி, நீங்க முதல்ல, நான் அஞ்சு நிமிஷம் கழிச்சு என்று முறை வைத்துக்கொள்ள நமக்கு எந்தச் சட்டமும் வேண்டாம். வரப்புத் தகராறில் பேசாமல் இருப்பவர்கள் இதற்காகவாவது பேசுங்கள்.

ஆனால் ஏன் கண்டென்சர் போடுகிறோம்? மூன்று பேஸ் வருகிற நேரத்தில் தண்ணி போதவில்லை. ஏன் பெரிய மோட்டார் போடுகிறோம்? நிலத்தடி நீர் கீழே கீழே போகிறது. குஜிலியம்பாறைப் பக்கம் போய்ப் பாருங்கள், ஆயிரம் அடியிலும் புழுதி பறக்கிறது. நம் தப்பை நாம் திருத்துவோம். அதைச் சாக்காக வைத்து நம் வாயை அடைக்க விடமாட்டோம்.

"ஓசி கரண்டுக்கு இந்தப் பேச்சா?"

இந்தக் கேள்வியை ஆபீசிலும் கேட்கிறார்கள், டீக்கடையிலும் கேட்கிறார்கள். பதில் சொல்வோம். 1970-இல் மின்கட்டண உயர்வை எதிர்த்த போராட்டத்தில் பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் போலீஸ் குண்டுக்குப் பலியானார்கள். 1972-இல் நாராயணசாமி நாயுடு தலைமையில் கோயம்புத்தூரை மாட்டுவண்டிகள் அடைத்தன. 1978-இல் நம் வேடசந்தூர் மண்ணிலும் துப்பாக்கி வெடித்தது. அதற்கெல்லாம் பிறகுதான் சிறு விவசாயிகளுக்கும், பின்னாலே எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது. 2003-இல் பறித்தார்கள், 2004-இல் திருப்பிக் கொடுத்தார்கள். யாரும் தானமாகத் தரவில்லை.

சட்டப்படியும் அது ஓசி இல்லை. 2003-ஆம் வருஷத்து மின்சாரச் சட்டத்தின் 65-வது பிரிவைப் படியுங்கள். ஒரு பிரிவினருக்குக் கட்டணச் சலுகை கொடுக்க அரசு முடிவு செய்தால், அந்தப் பணத்தை அரசு முன்கூட்டியே மின்சாரம் வழங்குகிறவர்களுக்குக் கட்ட வேண்டும். நமக்காகப் பணம் கட்டுவது அரசு, அந்தப் பணம் மக்கள் வரிப்பணம். கூப்பன் வைத்துச் சாப்பிடுகிறவனுக்கு ஊசின சோறு போடலாமா?

அதே சட்டத்தின் 57-வது பிரிவு, மின்சேவைக்குத் தரம் வகுக்க வேண்டும், அந்தத் தரம் தவறினால் இழப்பீடு உண்டு என்கிறது. 42-வது பிரிவின்படி மின்நுகர்வோர் குறைதீர் மன்றம் இருக்கிறது, அங்கே நியாயம் கிடைக்காவிட்டால் மேலே குறைதீர்ப்பாளர் இருக்கிறார். 415 வோல்ட் என்று அறிவித்துவிட்டு நூற்றுக்கு 6 பங்குக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது என்று 1956-ஆம் வருஷத்து இந்திய மின்சார விதிகளிலேயே எழுதினார்கள். கணக்குப் போட்டால் 390-க்குக் கீழே இறங்கக் கூடாது. சாயங்காலம் உங்கள் மோட்டார் ரூம் மீட்டரில் முள் எங்கே நிற்கிறது என்று நீங்களே போய்ப் பாருங்கள்.

2010-இல் மின்வாரியம் டான்ஜெட்கோ ஆனது. 2024-இல் அதையும் பிரித்துத் தமிழ்நாடு மின்பகிர்மானக் கழகம் என்றார்கள். பெயர்ப் பலகை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாறட்டும். நம் கேள்வி ஒன்றுதான்: சோதிக்காமல் எப்படித் தீர்ப்புச் சொல்கிறீர்கள்?

நாம் கேட்பது இதுதான். மோட்டார் கருகியது என்று விவசாயி எழுதிக் கொடுத்தால், மோட்டாரை ஏற்றுவதற்கு முன்னாலேயே பிரிவு ஆபீசில் இருந்து ஆள் டாங் டெஸ்டரோடு தோட்டத்துக்கு வர வேண்டும். மூன்று பேஸ் வோல்டேஜையும், ஓடுகிற நிலையில் இருந்தால் ஒயர் தள்ளுவதற்கு முன்னும் பின்னும் கரண்டையும் எழுதி, கையெழுத்துப் போட்டு ஒரு நகல் தர வேண்டும். டிரான்ஸ்பார்மர் ஒவ்வொன்றிலும், எல்லா மோட்டாரும் ஓடுகிற நேரத்தில், மாதம் ஒரு தடவை வோல்டேஜ் படித்து ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். லைன் கோளாறு என்று தெரிந்தால் காயில் செலவை ஈடு கட்ட வேண்டும். வேளாண்மைப் பொறியியல் துறை தேடு சுருளும் காந்த உணர்வானும் வைத்து, கிணற்று மோட்டார்களைத் தோட்டத்துக்கே வந்து சோதிக்கிற வண்டி ஒன்றை ஒன்றியத்துக்கு ஒன்று விட வேண்டும். ஐ.டி.ஐ.யில் படிக்கிற நம் பிள்ளைகளுக்கு இந்தச் சோதனைகளைக் கைவேலையாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். பூட்டுக்குப் பேர் போன திண்டுக்கல்லில் ஒரு தேடு சுருள் சுற்ற ஆள் கிடைக்காதா?

அரசு தருகிறவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கவும் வேண்டாம். ஒரு டிரான்ஸ்பார்மரில் இருக்கிற தோட்டக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு டாங் டெஸ்டர் வாங்குங்கள். ஆளுக்குப் பங்கு போட்டால் ஒரு தண்ணி பாய்ச்ச ஆகும் கூலிகூட வராது. மாதம் ஒரு தடவை எல்லா மோட்டாரையும் படித்து, ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, நேரம், சர்வீஸ் நம்பர், மூன்று வோல்டேஜ், மூன்று கரண்ட் என்று எழுதுங்கள். படிப்பவர் செருப்புப் போட்டுக்கொண்டு, கை ஈரமில்லாமல் படிக்கட்டும். ஸ்டார்ட்டர் பெட்டி திறந்திருக்கும்போது சின்னப் பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள்.

அடுத்த விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டத்தில் கலெக்டர் ஆபீசில் இந்த நோட்டுகளைத்தான் வைக்கப் போகிறோம். வெறும் கோஷம் போட்டுத் திரும்பி வருகிற எண்ணம் இல்லை. கருகின காயிலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், சாக்கில் கட்டி எடுத்து வாருங்கள். எந்த ஊர், எந்த டிரான்ஸ்பார்மர், எந்தத் தேதியில் கருகியது என்று ஒரு அட்டையில் எழுதிக் காயிலிலேயே கட்டிவிடுங்கள். செம்பு விலைக்கு ஆசைப்பட்டுப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டவர்கள் வயிண்டிங் கடை ரசீதையாவது எடுத்துக்கொண்டு, காலை ஒன்பது மணிக்கெல்லாம் கலெக்டர் ஆபீஸ் வாசலுக்கு வந்து சேருங்கள்.